ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

2023 பிப்ரவரியில் மின்வாரியத்திலிருந்து வந்து மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டுப் போனவர் வெள்ளை அட்டையில் எழுதிய எண் 503. தொகை 1,974 ரூபாய். அதற்கு முந்தைய தவணையில் 488 யூனிட்டுக்கு 1,653 ரூபாய் கட்டியிருந்தோம். அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்த அண்ணன் மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். "பதினைந்து யூனிட் கூடியதற்கு முந்நூற்று இருபத்தொரு ரூபாயா? மேலே என்னடா ஓடுகிறது?"

எனக்குத் தெரிந்து மேலே புதிதாக எதுவும் ஓடவில்லை. ஆனால் அந்த 'மேலே' தைத்தது. தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீடு அப்பா கட்டியது. கீழே அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பையன்கள். மேலே நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள். இரண்டு அடுப்பு, இரண்டு ஃபிரிட்ஜ், ஒரே மீட்டர். 2019-இல் அப்பா போன பிறகு மின்கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகளில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றுதான் முதல் முறை.

அண்ணனின் அதிர்ச்சியில் நியாயம் இருந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். எல்லாம் கூட்டினால் 1,725. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்குக் கணக்கே வேறு. இரண்டாவது நூறுக்குக் கிடைத்த பாதி விலை பறிபோகும், அதற்கும் 4.50 கொடுக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேலே 8 ரூபாயில் தொடங்கும். ஆக 501 யூனிட்டுக்குத் தொகை 1,958. அந்த ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் ஒன்றின் விலை மட்டும் 233 ரூபாய். அந்தப் பணத்துக்குக் காசிமேட்டில் இரண்டு வேளைக் குழம்புக்கு மீன் வாங்கிவிடலாம். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடியும் ஏறியது. ஐந்நூறில் இருந்த படி மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது, தடுக்கி விழ வசதியாக.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன். மூன்று யூனிட் எங்கே போனது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி. அந்த நாரை எடுக்கப் போய்ப் பல் முழுவதையும் ஆட்டிவிட்ட கதைதான் இது.

அப்பா இருந்திருந்தால் யந்திரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று என்று மொத்தம் 450 மெகாவாட் நிலையம். 2017 மார்ச் 31-ஆம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டது. மூடிய அன்று அவர் சாப்பிடவில்லை. வீட்டில் யாராவது விளக்கை அணைக்காமல் வந்தால் அவர் கூப்பாடு போடும் விதமே தனி. "ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரி கொட்ட வேண்டும், தெரியுமா?" என்பார். பிற்பாடு சரிபார்த்தேன். நம் நாட்டு நிலக்கரிக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம். அப்பா கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். எங்கள் வீட்டின் 503 யூனிட் என்பது 350 கிலோ கரி, நூறு கிலோவுக்கு மேல் சாம்பல். மற்ற ஊர்களில் இது வெறும் கணக்கு. வடசென்னையில் அந்தச் சாம்பலுக்கு முகவரி உண்டு. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இன்னும் ஓடுகிறது, அதன் சாம்பல் குட்டை செப்பாக்கத்தில். கொசஸ்தலை ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்பா காலத்து மீட்டரில் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும். அதன் விளிம்பில் கறுப்புக் கோடு. வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோடு நகர்கிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். நகர்ந்தால் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். அவருடைய கண்காணிப்பு முறை அவ்வளவுதான். நானும் அங்கிருந்தே தொடங்கினேன்.

இப்போதைய மீட்டரில் தட்டு இல்லை. சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டுகிறது. முகப்பில் பொடி எழுத்தில் 3200 என்று போட்டிருக்கும் (சில மீட்டர்களில் 1600, சிலவற்றில் வேறு எண்). ஒரு யூனிட் ஓடி முடிப்பதற்குள் அந்த விளக்கு 3,200 முறை சிமிட்டும் என்று பொருள். இதை வைத்து ஒரு சுருக்கு வழி உண்டு: 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 3200 மீட்டருக்குத்தான் 1125. 1600 என்றால் 2250.

ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு நானும் மகளும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். மின்விசிறிகளை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, இரண்டு ஃபிரிட்ஜையும் பிளக்கிலிருந்து எடுத்தாயிற்று. அம்மா கைவிசிறியோடு திண்ணையில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தார். எதுவும் ஓடாத வீட்டில் விளக்கு சிமிட்டக் கூடாது. சிமிட்டியது. 19 விநாடிக்கு ஒரு முறை. மகள் கைப்பேசியில் வகுத்துச் சொன்னாள்: 59 வாட்.

தூங்குகிற வீட்டின் குறட்டை அது. அணைத்துவிட்டதாக நாங்கள் நினைத்த இரண்டு செட் டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியை விடாமல் தடவிக்கொண்டிருக்கும் பழைய இன்வெர்ட்டர். ரிமோட்டில் அணைத்தால் செட் டாப் பாக்ஸின் பச்சை விளக்கு சிவப்பாகும், அவ்வளவுதான். வயிறு சூடாகத்தான் இருக்கும், தொட்டுப் பாருங்கள். 59 வாட் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அது நாள் முழுவதும், இரண்டு மாதமும் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 86 யூனிட். 2016-லிருந்து அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை ஆள் யாரும் தொடாத பெட்டிகளே தின்றுவிடுகின்றன. மூன்று யூனிட்டைத் தேடிப் போனவனுக்கு முதல் இரவிலேயே 86 கிடைத்துவிட்டது.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு ஸ்டாப்வாட்சும் முக்காலியும் போதும் என்பது இன்றைக்கும் என் கருத்து. ஆனால் அதற்குள் யூட்யூபில் நான் பார்த்துவிட்ட வீடியோக்கள் ஒன்றிரண்டு இல்லை.

முதல் தவறு, ஸ்மார்ட் பல்பு. கைப்பேசியில் தொட்டால் எரியும், குரல் கொடுத்தால் அணையும் என்று நான்கு வாங்கிப் பொருத்தினேன். பல்பு சொல் கேட்க வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ரத்தத்தில் ஊறிய பழக்கம், அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வருவது. அம்மா தட்டுவார், பல்பு செத்துவிடும், நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டு இருட்டில் நிற்பேன். இந்த இருட்டுக்கு எண்ணூறு ரூபாயா என்று மனைவி கேட்டாள். போதாக்குறைக்கு அந்தப் பல்பின் சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருந்தது. இன்டர்நெட் அறுந்தால் கூடத்து விளக்கைக் கூடத்திலிருந்தே போட முடியாது. குளியலறையில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து அணையும் விளக்கு ஒன்றும் வைத்தேன். அம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தபோது அது அணைந்தது. மறுநாள் அதைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டார். ஏதும் சொல்லவில்லை.

சுவிட்சைத் தட்டுகிற கையைவிட நல்ல தானியங்கி இல்லை என்று அப்போது ஒப்புக்கொண்டேன். விளக்குகளை விட்டுவிட்டு அளப்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். அங்கே வாங்கியவை: இ.எஸ்.பி. 32 என்ற சின்ன மின்னணுப் பலகை, மீட்டர் விளக்கைப் பார்க்க ஓர் ஒளி உணரி, பி.இஸட்.இ.எம். என்ற மின் அளவி இரண்டு, அவற்றோடு வரும் சி.டி. வளையங்கள் (ஒயரைச் சுற்றி மாட்டினால் அதில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பவை), உள்ளங்கை அளவுக் கணினியான பழைய ராஸ்ப்பெர்ரி பை ஒன்று. இவற்றையெல்லாம் இணைக்கும் மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். 2013-இல் பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கிய இலவசத் திறமூல மென்பொருள். இதில் எனக்குப் பிடித்தது, எல்லாக் கணக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளிநாட்டுச் சர்வர் கிடையாது, இன்டர்நெட் போனாலும் ஓடும்.

மீட்டர் நம்முடையதில்லை. அதன் முத்திரையைத் தொடுவது குற்றம். அதனால் ஒளி உணரியை அந்தச் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் போட்டு ஒட்டினேன். சிமிட்டலை எண்ணுவதோடு சரி, எந்த ஒயரையும் தொடுவதில்லை. சி.டி. வளையங்களை மீட்டருக்கு இந்தப்பக்கம், எங்கள் மெயின் போர்டில், மாடிக்குப் போகும் ஒயருக்கு ஒன்றும் கீழ்த்தளத்துக்கு ஒன்றுமாக மாட்ட வேண்டும். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் எங்கள் பழைய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாடி வளையத்தை நானே மாட்டினேன். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டுவிட்டேன். மாடியில் மிக்ஸி அலறிக்கொண்டிருக்க, திரையில் பூஜ்யம். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் வளையத்துக்கு என்ன தெரியும்? ஒற்றை ஒயரைத்தான் விட வேண்டும். சொல்லிக்கொடுத்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பார்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி வசூலித்துக்கொண்டார்.

மின்சாரம் ஓடுவதைக் கோடாகப் பார்ப்பது ஒரு போதை. முதல் வாரம் ஏஜென்சியில் சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரிகளுக்கு நடுவே கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. மேல்மாடி ஃபிரிட்ஜ் கோயில் மதில் மாதிரி: இருபது நிமிடம் ஏறி நிற்கும், அரை மணி இறங்கிக் கிடக்கும். கிரைண்டர் ஒரே தட்டையாக அரை மணி. இஸ்திரிப் பெட்டி சீப்பின் பல்: ஆயிரம் வாட்டுக்கு ஏறும், சூடு வந்ததும் விழும், மறுபடி ஏறும்.

கீழ்த்தளக் கோட்டில் மட்டும் ஒரு மதில் இறங்கவே இல்லை. அம்மாவின் ஃபிரிட்ஜ். அப்பா போனஸில் வாங்கியது, கதவில் என் மகளுக்கு முந்தைய தலைமுறை ஸ்டிக்கர்கள். கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்து மூடினால் இழுக்காமலே வழுக்கி வந்தது. போதாததற்கு அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக. நாளுக்கு 2.1 யூனிட், மாடியில் இருப்பது 0.9. புது ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரப்பரை மாற்றி, எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, பின்னால் ஒரு சாண் இடம் விட்டோம். 1.4-க்கு இறங்கியது. இரண்டு மாதத்தில் நாற்பது யூனிட்டுக்கு மேல். செலவு, ரப்பர் காசு மட்டும்.

மின்விசிறிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடக்கிறேன். பழையது 75 வாட், பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதுவகை ஏறத்தாழ 30 வாட். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 33 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினோம். ரிமோட்டை அம்மா தொடுவதில்லை.

மோட்டார் விஷயத்தில்தான் தானியங்கி உருப்படியான வேலை செய்தது, அதுவும் ஒரு முறை மானத்தை வாங்கிய பிறகு. எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் விடியற்காலையில் வந்து, தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டியில் விழும். அம்மா மூன்றரைக்கே எழுந்து சம்ப் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அறுபத்தெட்டு வயதில் அது வேண்டாமே என்றுதான் சம்ப்பில் மிதவை சுவிட்ச் வைத்து, நீர் ஏறியதும் மோட்டார் தானாக ஓடும்படி செய்தேன். கட்டளை வந்தால் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே பத்து ஆம்பியரில் போதும் என்று நினைத்தேன், ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்து ஆம்பியர்தானே. ஆனால் கிளம்பும் கணத்தில் மோட்டார் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பன்னிரண்டாம் நாள் ரிலேயின் உள்தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அணைக்கச் சொல்லி ராஸ்ப்பெர்ரி பை கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் அருவியாகக் கொட்டியது. அந்த வீட்டு அத்தைக்கு நாங்கள் புதிதாக வடகம் பிழிந்து கொடுத்தோம். என் மனைவிதான் பிழிந்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்யச் சொல்கிறாள்.

இப்போது ரிலேவுக்கும் மோட்டாருக்கும் நடுவே, அந்த இழுப்பைத் தாங்கும் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்ச் இருக்கிறது. அதோடு வாட்டைப் பார்த்தே ஒரு காவலும். தண்ணீர் இழுக்கும்போது 900 வாட் காட்டும் மோட்டார், சம்ப் காலியாகிக் காற்றை இழுத்தால் 500-க்குச் சரியும். அரை நிமிடம் அப்படி ஓடினால் நின்றுவிடும். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து அதை மறுபடி கட்டப் போகிற செலவைத் தடுக்கும் இந்த ஒரு விதிதான் நான் போட்டதிலேயே உருப்படி.

ஒரு விஷயம் கணக்குப் போடும்போதுதான் உறைத்தது. ஆயிரம் லிட்டரை மாடிக்கு ஏற்ற எங்கள் மோட்டார் தின்பது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். வடசென்னைக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு மீஞ்சூர்க் கடல்நீர் ஆலையிலிருந்து வருகிறது; 2010-இல் திறந்தது, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன். கடல்நீரின் உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகும். சம்ப்பில் விழுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் எங்கள் மோட்டாரைப்போலப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரம் குடித்திருக்கிறது. அது எங்கள் அட்டையில் ஏறாது. வழியவிட்ட இரவில் என் மனத்தை அறுத்தது இதுதான், வடகம் இல்லை.

இனி சொல்லப் போவதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

கூடத்தில் ஒரு பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டியிருந்தேன். நாளுக்கு எத்தனை யூனிட், மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, மணிக்கு மணி கோடு. ஜூலையில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோட்டை விரலால் நகர்த்திக்காட்டி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "பாருங்கள், வார நாள்களில் மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை கீழே சீப்புப் பல். யார் இப்படித் தினமும் இஸ்திரி போடுகிறீர்கள்?"

யாரும் பேசவில்லை. அண்ணி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் கோட்டைப் பார்த்தார், உள்ளே பார்த்தார்.

விஷயம் இதுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடைகளுக்காக அண்ணி ஃபால் அடித்து, ஓரம் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவந்தார். தைப்பது அண்ணனுக்குத் தெரியும். பொழுதுபோக்காக அக்கம்பக்கத்துக்குத் தைக்கிறாள் என்ற அளவுக்கு. தினமும் ஒரு கட்டு வந்துபோகிறது என்றும், அந்தக் காசைப் பெரிய பையனின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தனியாகச் சேர்க்கிறார் என்றும் தெரியாது. அண்ணனிடம் சொன்னால் அந்தப் பணம் எந்த ஓட்டையை அடைக்கப் போகும் என்பது அண்ணிக்குத் தெரியும். இரண்டு ஆண்டு அவர் காத்துவந்த ரகசியத்தை, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு வளையம் போட்டுக்கொடுத்துவிட்டது. வளையம் என்ன, நான்தான்.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் அண்ணி என்னை நிறுத்தினார். கோபமாக இல்லை. "தம்பி, அந்தப் பெட்டிக்கு இஸ்திரிப் பெட்டி எத்தனை யூனிட் இழுக்கிறது என்று தெரிகிறது. எத்தனை புடவை முடிந்தது என்று தெரிகிறதா?"

தெரியாது. நாளுக்கு 0.6 யூனிட் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதை எனக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் போகாமல், மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே உள்ளே எந்தப் பொருள் ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை 1980-களில் அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஹார்ட். 1989-லேயே அவர் ஒரு கட்டுரையில் இந்தத் தொழில்நுட்பம் வேவு பார்க்கவும் பயன்படும் என்று எழுதிவிட்டார். செய்தவரே எச்சரித்தது. நான் முப்பத்துநான்கு ஆண்டு கழித்து, சாப்பிட்ட கை காய்வதற்குள், என் சொந்த அண்ணியிடம் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்ற பேச்சு பல ஆண்டாக நடக்கிறது, தி.நகரில் முன்னோட்டமாகப் பொருத்தியும் இருக்கிறார்கள். மாதக் கணக்கு வருமா, கட்டணம் ஏறுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அந்த மீட்டர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை கணக்கைக் குறித்துவைக்கும் வகை. எத்தனை மணிக்கு எழுகிறோம், எந்த வாரம் ஊரில் இல்லை, யார் வீட்டில் மதியம் உழைப்பு நடக்கிறது என்பதையெல்லாம் அந்தக் குறிப்பிலிருந்து ஊகிக்கலாம். அந்தக் குறிப்பு யாரிடம், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. நானும் ஜூலைக்கு முன்பு கேட்டதில்லை.

அந்த வாரமே மேலே, கீழே என்று பிரிக்கும் வளையங்கள் இரண்டையும் கழற்றினேன். அதற்குள் நான்கு மாதக் கணக்கு சேர்ந்திருந்தது: கீழே நூற்றுக்கு 54, மேலே 46. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் 54 கொடுப்பார், அப்படிப்பட்டவர்தான். ஆனால் கீழே இருப்பது அம்மாவின் ஃபிரிட்ஜ், எல்லாருக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார். அதையெல்லாம் பிரிக்கப் புகுந்தால் அம்மாவின் சாப்பாட்டையும் பிரிக்க வேண்டிவரும். தொழிலில் நான் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் சரிபாதி என்ற தப்புக் கணக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் இடையே அந்தப் பணத்தைப் பற்றி என்ன பேச்சு நடந்ததோ எனக்குத் தெரியாது. பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

மீட்டரில் ஒட்டிய ஒளி உணரி மட்டும் மிஞ்சியது. டேப்லெட்டில் கோடுகள் இல்லை. இரண்டே எண்கள்: தவணை தொடங்கி எத்தனையாவது நாள், இதுவரை எத்தனை யூனிட். கூடத்தில் நடக்கிற எல்லார் கண்ணிலும் படும். விந்தை என்னவென்றால் இந்த இரண்டு எண்கள்தான் வேலை செய்தன. கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். எண்களை எல்லாரும் பார்த்தார்கள். இரவில் செட் டாப் பாக்ஸின் சுவிட்சைத் தட்டுவது சின்னப் பையனின் பொறுப்பானது. முப்பதாம் நாள் 260 என்றால் அம்மா, கிரிக்கெட்டில் ரன் விகிதம் பேசுவதுபோல, கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பார். கோடையில் இந்த ஆட்டமே கிடையாது. மே மாதம் எங்கள் அறை ஏ.சி. ஓடத் தொடங்கினால் 700-க்கு மேல்தான். அந்தத் தவணையில் டேப்லெட்டைத் திருப்பிவைத்துவிடுகிறோம். இயந்திரம் 24 டிகிரியில் தொடங்குகிறது, நான் அதை 26-ஆக்குகிறேன், நள்ளிரவில் யாரோ 23-ஆக்குகிறார்கள். விசாரிப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், தெருவோர மின்பெட்டிகளான பில்லர் பாக்ஸ்களைச் சுற்றியும் தண்ணீர். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இன்வெர்ட்டர் முதல் இரவோடு முடிந்தது. டேப்லெட் இருண்டு கிடந்தது. அம்மாவின் ஃபிரிட்ஜில் இருந்த மீனை அன்றே எடுத்து எல்லார் வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்தார்கள். மின்சாரம் திரும்பியதும் ராஸ்ப்பெர்ரி பை உயிர்பெற்று, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.

அந்தத் தவணைக்கு ரீடிங் எடுக்க 2024 பிப்ரவரியில் வர வேண்டும். அறுபதாம் நாள் காலை எண் 494. ஆள் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை. அன்று விசிறிகள் இரண்டே ஓடின. பிப்ரவரியில் அது பெரிய தியாகமில்லை. டி.வி. ஒன்றுதான், எல்லாரும் கீழே உட்கார்ந்து பார்த்தோம். திங்கள் காலை 498. கட்டு புடவை இரண்டு நாளாக மூலையில் காத்துக்கிடந்தது. அண்ணி டேப்லெட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பதினொன்றரைக்கு ரீடிங் எடுப்பவர் வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்தவர் கறுப்பு டேப்பையும் அதிலிருந்து தொங்கும் ஒயரையும் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு விளக்கத் தொடங்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "பேத்தியின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்." அவர் குனிந்து பார்த்தார், முத்திரை அப்படியே இருந்தது, அட்டையில் 498 என்று எழுதினார். மோர் குடித்தார். இந்த மாதிரி ஒன்று அவர் வீட்டிலும் வைக்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்று என் மகளிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

கேட் சத்தம் கேட்டதும் அம்மா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அவர் போய்விட்டார் அம்மா. இஸ்திரிப் பெட்டியைப் போடு."